சிவனொளிபாத மலை: ஒரு தடவைக்கு மேல் ஏற நினைப்பவர்களுக்கு

சிவனொளிபாத மலைக்குப் போகப்போகிறோம் என்று சொல்பவர்கள் அடுத்த மூச்சிலேயே கேட்பது "சூரியன் தெரியுமா?" என்பதுதான். தெரியலாம், தெரியாமலும் போகலாம். இலங்கை மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில் 2243 மீற்றர் உயரத்துக்குத் தனியாக நிற்கிற கூம்பு அது. கடல் பக்கமிருந்து வருகிற ஈரக்காற்று நேராக வந்து அதில் முட்டும், முட்டிய காற்று மேலே ஏறும், ஏற ஏறக் குளிர்ந்து முகிலாகிவிடும். இது நடக்க அரை மணி நேரம்கூட வேண்டியதில்லை. ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது என்றால், அதே மலைத்தொடரின் உச்சியில் வானம் சொல்பேச்சுக் கேட்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதனால்தான் நான் புதியவர்களிடம் சொல்வது, ஒரு தடவை போய் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள், மூன்று நான்கு தடவை போவதாக மனதில் வைத்துக்கொண்டு முதல் தடவையைத் திட்டமிடுங்கள் என்பதே. பாதையும் படிகளும் அப்படியேதான் இருக்கும், அடிவார ஊரான நல்லதண்ணிப் பக்கத்தில் ஏறக்குறைய 5500 படிகள். வானிலையைத்தான் லேசானதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கடினமானதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போனால் ஒரு நாள் பாதி வழியில் மழை பிடித்தாலும் என்ன செய்வதென்று கால்களுக்கே தெரிந்திருக்கும்.

முதல் ஏற்றத்துக்கு நாள் குறிப்பது

யாத்திரைச் சீசன் டிசம்பர் மாத உந்துவப் போயாவில் (போயா என்றால் பௌர்ணமி) தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடியும். இந்தக் காலத்தில்தான் பாதையில் விளக்கு எரியும், கடைகள் இருக்கும், பொலிஸ் இருக்கும், வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆளும் இருக்கும். ஆனால் சீசன் என்றால் ஆறு மாதமும் ஒரே மாதிரி என்று நினைக்க வேண்டாம். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழையின் ஈரம் இன்னும் போயிருக்காது. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை பொதுவாக விடியற்காலைகள் தெளிவாக இருக்கும், இரவுக் குளிரும் அப்போதுதான் அதிகம். மார்ச் கடைசி, ஏப்ரல் என்றால் காலை நன்றாக இருந்தாலும் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று தலையைக் காட்டத் தொடங்கிவிடும்.

முதல் தடவைக்கு ஜனவரி கடைசி அல்லது பெப்ரவரி, அதிலும் போயா ஒட்டாத ஒரு செவ்வாயோ புதனோ. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போயா நாளிலும் நீண்ட விடுமுறையிலும் கடைசிப் படிகளில் வரிசை நின்றுவிடும், ஒரு படி ஏறிப் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். வியர்த்த உடம்போடு குளிர்காற்றில் அசையாமல் நிற்பது மழையில் நடப்பதைவிட மோசம். கூட்டத்தோடு கூட்டமாகப் பக்திப் பாடல் பாடிக்கொண்டு ஏறுவது ஒரு தனி அனுபவம், மறுக்கவில்லை. அதை மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழி சுலபம். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஹட்டனில் இறங்கலாம், அல்லது பஸ். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ் இருக்கிறது, சீசனில் அடிக்கடி. கடும் மழைக்குப் பிறகு மண்சரிவால் மலைநாட்டு ரயில் ஓடாமல் நிற்பதுண்டு, எனவே கிளம்பும் முன் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். முடிந்தால் முதல் நாள் மத்தியானமே நல்லதண்ணிக்கு வந்து, சாப்பிட்டு, ஏழு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுங்கள். இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி வந்து அப்படியே ஏறுகிறவர்கள்தான் பாதி வழியில் சுவரில் சாய்ந்து தூங்கி வழிவார்கள்.

வானத்தைப் பார்க்கப் பழகுவது

போனில் நல்லதண்ணி என்று போட்டால் வருவது ஊரின் வானிலை. ஊர் ஏறக்குறைய 1200 மீற்றரில் இருக்கிறது, உச்சி அதற்கு ஆயிரம் மீற்றர் மேலே. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்குக் குறையும். ஊரில் அதிகாலை 14 டிகிரி என்று போன் காட்டினால் மேலே 8 என்று வைத்துக்கொள்ளுங்கள், காற்று அடித்தால் அது இன்னும் குறைவாகத்தான் உடம்புக்குத் தெரியும். விண்டி போன்ற வானிலை ஆப் வைத்திருப்பவர்கள் காற்றைத் தரைமட்டத்தில் பார்க்காமல் 800 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அது ஏறக்குறைய 2000 மீற்றர் உயரத்துக் காற்று. அங்கே மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் காட்டினால் முதல் தடவை ஏறுபவர் நாளை மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கணக்கு.

ஆனால் ஆப்பைவிடக் கண் நன்றாக வேலை செய்யும். மஸ்கெலியாவைத் தாண்டி மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையோடு பஸ் போகும்போது மலை தெரியும். (நீர்மட்டம் மிகவும் இறங்கிய வருடங்களில் அந்த நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் தலைகாட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) வானம் நீலமாக இருந்தும் உச்சியில் மட்டும் ஒரு முகில் தொப்பி போலக் கவிழ்ந்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் இடம் மாறாமல் அங்கேயே இருந்தால், காற்று இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பலத்த ஈரக்காற்று உச்சியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது, ஒரு பக்கம் முகில் உண்டாகி மறுபக்கம் கரைகிறது, அதனால்தான் அது நிற்பது போலத் தெரிகிறது. அதற்குள் நிற்பவர்களுக்குத் தூறல், காற்று, பத்தடிக்கு மேல் பார்வை கிடையாது. அதற்கு மாறாக, பஞ்சு பஞ்சாகத் தனித்தனி முகில்கள் மலையைத் தாண்டி நகர்ந்து போனால் இரவு தெளிய நல்ல வாய்ப்பு.

இரவு ஒன்றரை மணிக்கு எழும்பி அறைக் கதவைத் திறந்தால் வெளியே ஒரே பனிமூட்டமாக இருக்கும். இதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடுகிற ஆட்கள் நிறைய. குளிர்ந்த இரவுகளில் மூட்டம் பள்ளத்தாக்கில்தான் தேங்கும், முந்நூறு நானூறு மீற்றர் ஏறினால் அதற்கு மேலே வந்துவிடுவீர்கள், கீழே முகில் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். சீசனின் சிறந்த விடியல்கள் பல இப்படித்தான் வரும். இதன் மறுபக்கமும் உண்டு, ஊரில் நட்சத்திரம் மின்னும், மேலே தூறும். எனவே அறை வாசலில் நின்று முடிவெடுக்க வேண்டாம், ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் பார்க்க வேண்டியது, இறங்கி வருபவர்களின் தலைமுடி. மேலே எப்படி என்று கேட்டால் எல்லோரும் "சும்மா நல்லம், கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அது மலையின் மரியாதை. முடியும் தோளும் நனைந்து சொட்டினால் மேலே மழை. முடியில் மட்டும் சின்னச் சின்னத் துளிகள் மாவு தூவியது போல ஒட்டியிருந்தால் முகில் மட்டும்தான், மழையில்லை. போர்வையை மூக்குவரை இழுத்துச் சுற்றிக்கொண்டு வந்தால் காற்று. இந்திகட்டுபான என்ற இடத்தில் முதல் தடவை ஏறுபவர்கள் ஊசியில் கோர்த்து விட்டுப்போகிற வெள்ளை நூல்கள் பாதையோரம் நெடுகக் கிடக்கும். அவை தொய்ந்து கிடந்தால் நிம்மதியாக ஏறலாம். விறைத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு படபடத்தால் அங்கேயே ஜெர்சியைப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒதுங்க இடம் குறைவு.

பையில் என்ன இருக்க வேண்டும்

இந்த மலையில் ஆட்களை விழுத்துவது பெரும்பாலும் குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதுதான். வெறும் குளிரைத் தாங்கிவிடலாம், ஏறிக்கொண்டிருக்கும்போது வெறும் மழையையும் தாங்கிவிடலாம். வியர்வையில் ஊறிய பருத்தி பெனியனோடு உச்சியில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பல் கிட்டும். ஆகவே உடம்பில் ஒட்டுகிற துணி பருத்தியாக இருக்கக் கூடாது, விளையாட்டுக்குப் போடுகிற மெல்லிய பொலியெஸ்டர் டீ-சேர்ட் போதும், விலையும் குறைவு. இன்னொன்றைக் காய்ந்தபடி பையில் வையுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கடையில் ஒதுங்கி அதை மாற்றிக்கொண்டால் ஒரு புது ஆளாகிவிடுவீர்கள்.

ஜெர்சி, கம்பளித் தொப்பி, மப்ளர் மூன்றும் பைக்குள் இருக்க வேண்டியவை, கிளம்பும்போது போட்டுக்கொள்ள வேண்டியவை அல்ல. நல்லதண்ணிக் கடைத்தெருவில் ஆட்கள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கலாம். இருபது நிமிடத்தில் எல்லாம் உள்ளே நனைந்துவிடும். கொஞ்சம் குளிரக் குளிரக் கிளம்புங்கள், நடக்க நடக்க உடம்பு சூடாகிவிடும். நிற்கும்போது போடுவது, நடக்கும்போது கழற்றுவது, இந்தச் சோம்பல்படாத பழக்கம் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிற ஜாக்கெட்டைவிட உதவும்.

குடை வேண்டாம். கீழே மட்டும் அது குடை, மேலே காற்று அதைப் பிடுங்கி அடுத்தவர் முகத்தில் அடிக்கும். தலைக்கு மூடி வைத்த ரெயின்கோட் போதும். சீசனில் விளக்கு இருந்தாலும் நெற்றியில் கட்டுகிற டோர்ச் ஒன்று கொண்டுபோங்கள், கரண்ட் போய்விடலாம். சப்பாத்து அழுத்தமான ரப்பர் அடி உள்ளதாக இருக்கட்டும். நம் பாட்டிமார் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் ஏறுகிறார்களே என்று கேட்பீர்கள். ஏறுகிறார்கள்தான், அவர்கள் வருடக்கணக்காகத் தோட்டத்து மலைகளில் கொழுந்துக்கூடையோடு ஏறி இறங்கியவர்கள், உங்களுக்கும் எனக்கும் அந்தக் கால் கிடையாது. இரண்டு சோடி காய்ந்த சாக்ஸ் கட்டாயம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். தண்ணீர் ஒரு லீற்றர் போதும், சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாமல் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள், அடிவாரத்தில் பொலித்தீனைப் பிடிப்பார்கள், பிடிக்காவிட்டாலும் அது காட்டுக்குள் போகக் கூடாது. 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டுக் காடுகளில் இந்த மலையைச் சுற்றியுள்ள வனமும் ஒன்று.

இதய வருத்தம், மூச்சு வருத்தம், சீனி வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் வரவேண்டாம், மருந்தைக் கைப்பையில் வைத்திருங்கள்.

ஏற்றம்

சராசரியாக நடப்பவருக்கு மூன்றரை மணி நேரம் பிடிக்கும். சீசனில் சூரியன் ஆறேகால், ஆறரை வாக்கில் எழும்பும். இரண்டு மணிக்குக் கிளம்பினால் சரி. நள்ளிரவிலேயே கிளம்பிவிட்டுப் பெருமையடிப்பவர்கள் நான்கு மணிக்கு உச்சியில் போய் இரண்டு மணி நேரம் நடுங்குவார்கள், அதில் ஒரு இலாபமும் இல்லை.

முதல் முக்கால் மணி நேரம் தேயிலைக்கு நடுவே லேசான ஏற்றம், மகர தோரணத்தைத் தாண்டி ஜப்பானியர் கட்டிய வெள்ளைச் சமாதானத் தூபி வரை மலை ஏறுகிற உணர்வே வராது. அங்கேதான் எல்லோரும் வேகமாக நடந்து பின்னால் அதற்கு வட்டி கட்டுகிறார்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கி வார்த்தை துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். சீத கங்குல என்ற ஓடையில் யாத்திரைக்காரர்கள் கைகால் கழுவி முகம் கழுவிக்கொள்வார்கள். கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்தத் தண்ணீரில் தலையை நனைத்துவிட்டு மேலே போய்க் காற்றில் நிற்க முடியாது. மேலே மழை பெய்திருந்தால் ஓடைக்குள் காலே வைக்க வேண்டாம், நீர் சட்டென்று கூடும்.

அதற்குப் பிறகு படி, படி, படி. உயரம் ஒன்றுபோல இருக்காது, ஒன்று முழங்காலளவு, அடுத்தது ஒரு விரல் தடிப்பு. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு நிமிடம் நில்லுங்கள், உட்கார வேண்டாம். உட்காருவதானால் கடையில் உட்காருங்கள். தார்ப்பாய்க்குக் கீழே வாங்கு போட்டு, புகைபிடித்த கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் ரொட்டியும் கட்டச் சம்பலும் கிடைக்கும். மேலே போகப் போக விலை ஏறும், ஒவ்வொரு மூட்டையும் ஒருவர் முதுகில் வந்தது என்பதால் நான் பேரம் பேசுவதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து அதற்கு மறுபக்க வாங்கில் உட்காருங்கள். கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், தார்ப்பாய் எந்தப் பக்கம் இறக்கிக் கட்டியிருக்கிறதோ அதுதான் காற்றுப் பக்கம்.

கூட்டமில்லாத நாளில் உச்சிக்கு அரை மணி நேரம் கீழே இருக்கிற கடைசிக் கடைகளில் ஒன்றில் நேரத்தைப் போக்குங்கள். அங்கேயே சட்டையை மாற்றி, ஜெர்சி தொப்பி எல்லாம் போட்டு, ஐந்தரைக்கு மேல் கிளம்பி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அந்தச் செங்குத்தான கடைசிப் பகுதியை ஏறினால் சரியான நேரத்துக்கு மேலே இருப்பீர்கள். 1344-இல் இங்கே வந்த இப்னு பதூதா, பாறையில் அடித்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதாக எழுதியிருக்கிறார். நமக்குக் கம்பியும் சீமெந்துப் படியும் இருக்கிறது, குறை சொல்ல வேண்டாம்.

மேலிருந்து இறங்கி வரும் சிங்கள யாத்திரைக்காரர்கள் "கருணாவய்" என்று வாழ்த்துவார்கள். திருப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள், அந்தச் சத்தம் மூட்டத்துக்குள் வழி காட்டவும் உதவும்.

உச்சியில்

மேல் முற்றத்தில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். சாக்ஸ் கதை இதற்குத்தான். சீமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும், பெரும்பாலும் ஈரமாகவும் இருக்கும். ஏறி வந்த சாக்ஸ் வியர்வையில் நனைந்திருக்கும், அதோடு நின்றால் கால் விறைத்து, இறங்கும்போது படி எங்கே இருக்கிறது என்றே பாதத்துக்குத் தெரியாது. ஒரு காய்ந்த சோடியை அங்கே போட்டு நின்று, அது நனைந்ததும் கழற்றி, மற்றச் சோடியைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

பாறையில் பதிந்த பாதம் சிவனுடையது என்பது நம் நம்பிக்கை, புத்தருடையது என்பது பௌத்தர் நம்பிக்கை, முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமுடையது என்பார்கள். வரிசையில் நின்று வணங்கிவிட்டு மணியடியுங்கள். முதல் தடவை என்றால் ஒரு அடி, அதற்குப் பிறகு எத்தனையாவது தடவையோ அத்தனை அடி. வானம் தெரிந்த தடவை, தெரியாத தடவை என்று மணி பிரித்துப் பார்ப்பதில்லை.

சூரியன் எழும்பியதும் எல்லோரும் கிழக்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மேற்குப் பக்கம் போய்விடுங்கள். மலையின் நிழல் சரியான முக்கோணமாக இரத்தினபுரிப் பக்கத்து மூட்டத்தின் மேல் விழுந்திருக்கும், சூரியன் ஏற ஏறச் சுருங்கிக் கொஞ்ச நேரத்தில் போய்விடும். மேற்கே லேசான மூட்டம் இருக்கும் நாளில்தான் இது நன்றாகத் தெரியும், துடைத்துவிட்ட மாதிரித் தெளிந்த நாளில் அவ்வளவு எடுப்பாக இருக்காது. எதுவுமே தெரியாமல் வெள்ளையாக இருந்தால் ஏழு மணி வரை காத்துப் பாருங்கள், வெயில் ஏறும்போது மூட்டம் திடீரென்று கிழிவதுண்டு. அதற்கு மேல் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டாம், பத்து மணிக்குள் பெரும்பாலும் கீழிருந்து முகில் ஏறி வந்துவிடும்.

இறக்கம்

மூச்சு வாங்காது, முழங்கால் வாங்கும். காயங்களில் அதிகம் இறங்கும்போதுதான் ஆகிறது, அதிலும் பாசி பிடித்த ஈரப்படியில். பக்கவாட்டில் சற்றுத் திரும்பி, முழுப் பாதத்தையும் படியில் வைத்து இறங்குங்கள். ஒரு தடி இருந்தால் நல்லது. வேகமாகத் துள்ளி இறங்கும் பிள்ளைகளுக்கு ஒதுங்கி வழி விடுங்கள், போட்டி போடாதீர்கள். எட்டு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஐந்து மணிக்கு நடுங்கிய அதே ஆள் ஒன்பது மணிக்குக் கழுத்துச் சிவந்து வருவதைப் பார்க்கலாம், எனவே ஓரம் வைத்த தொப்பியும் பையில் இருக்கட்டும்.

அன்றிரவே ஒரு சின்னக் குறிப்பு எழுதி வையுங்கள்: எந்தத் திகதி, ஆப் என்ன சொன்னது, மேலே உண்மையில் எப்படி இருந்தது, என்ன உடுப்பு போதாமல் போனது. அடுத்த தடவை எந்தக் கட்டுரையையும்விட அது உதவும், இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான்.

அடுத்த தடவைகள்

இரண்டாவது ஏற்றத்தைப் பகலில் வையுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பத்து மணிக்கு முன் மேலே தொட்டுவிட்டு இறங்குவது. இரவில் வெறும் விளக்கு வரிசையாகத் தெரிந்த பாதை எவ்வளவு செங்குத்து, எங்கே ஒதுங்கலாம், எந்த வளைவில் காற்று அடிக்கும் என்பதெல்லாம் பகலில்தான் புரியும். முகில் எப்படி உருவாகி ஏறி வருகிறது என்பதையும் கண்ணால் பார்க்கலாம்.

மூன்றாவது, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ. இப்போது பழக வேண்டியது இடி. பின்னேரம் ஏறவே வேண்டாம், விடியலுக்குப் போய் ஒன்பது மணிக்குள் கீழே பாதி தூரம் வந்துவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் அது பத்து கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அந்த நேரத்தில் நாட்டிலேயே உயரமான இடங்களில் ஒன்றில், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது முட்டாள்தனம். கம்பியை விட்டு இறங்கி, கீழே ஏதாவது கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

பிறகு வேறு பாதை. குருவிட்டை வழியாக எரத்தன பாதை, இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகப் பழைய பாதை. இரண்டும் நல்லதண்ணியைவிட மிகத் தாழ்வான இடத்தில் தொடங்குபவை, காட்டுக்குள் நீளமாகப் போகும், கூட்டமும் கடையும் குறைவு, சீசனிலேயே அட்டை கடிக்கும். நல்லதண்ணியில் ஏறி எரத்தனவில் இறங்குவது ஒரு நல்ல நடு வழி, ஆனால் இறக்கம் நீளம் என்பதால் முழங்கால் சம்மதிக்க வேண்டும்.

சீசன் இல்லாத காலம்

ஜூன் முதல் நவம்பர் வரை மலை வேறு மலை. விளக்கில்லை, கடையில்லை, மலையின் காவல் தெய்வமான சமன் தெய்வத்தின் சிலையைப் பெல்மதுளையில் இருக்கும் கல்பொத்தாவல விகாரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், உச்சியில் சன்னதி மூடியிருக்கும். தென்மேற்குக் காற்று தொடர்ந்து நாட்கணக்கில் அடிக்கும். நாலு பருவத்தில் ஏறிப் பழகாதவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பேன். போவதென்றால் மூன்று நான்கு பேராக, பகலில் மட்டும், தங்கும் இடத்தில் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டு. முதல் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள், நுவரெலியா, இரத்தினபுரி மாவட்டங்கள் இரண்டுக்கும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை உண்டு. மஞ்சள் இருந்தாலே நான் போக மாட்டேன். ஏறும் படிகள் தாங்கினாலும் ஹட்டன் வீதி தாங்க வேண்டுமே. 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், மூன்றையும் போனில் போட்டு வையுங்கள், ஆனால் பாதை நெடுக சிக்னல் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள்.

எந்தப் பருவமானாலும் திரும்பிவிட வேண்டிய நேரத்தைக் கீழேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மேலே போய் யோசித்தால் "இவ்வளவு தூரம் வந்தாயிற்று" என்கிற பேச்சு வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சீசன் இல்லாத காலத்தில் பகல் பன்னிரண்டுக்குள் உச்சியைத் தொடாவிட்டால் எங்கே நின்றாலும் இறக்கம்தான். கூட வந்தவர் நிறுத்த முடியாமல் நடுங்கினாலோ, பையின் ஸிப்பை இழுக்க விரல் வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, கேட்டால் "எனக்கொன்றும் இல்லை" என்றுதான் சொல்வார். கேட்க வேண்டாம். காற்றுப் படாத இடத்தில் நனைந்ததைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, இனிப்பாக எதையாவது குடிக்கக் கொடுத்து, கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அட்டைக்குக் காற்சட்டையைச் சாக்ஸுக்குள் விட்டு, சாக்ஸின் மேல் சவர்க்காரத்தைக் காயக் காயத் தேய்த்துவிடுவார்கள், சிலர் சித்தாலேப என்கிற மூலிகைத் தைலம் பூசுவார்கள். மழையில் இரண்டுமே ஒரு மணி நேரத்தில் கழுவிப் போய்விடும், திரும்பப் பூச வேண்டும். கடித்ததைப் பிடுங்கி இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளி எடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட ஒன்றுமில்லை, கழுவி ஒரு துணியை அழுத்திக் கட்டினால் போதும். ஹட்டன் பஸ்ஸில் ஏறும் முன் சாக்ஸை உள்பக்கம் வெளியாகத் திருப்பி உதறிவிடுங்கள், சப்பாத்தின் நாக்குக்குக் கீழேயும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.